ஊரைச் சொல்லாத பாடகன்: ஃப்ரெடி மேர்க்குரியும் கண்டி ரசிகர்களும்

கண்டியில் ரொக் இசை கேட்கும் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு கடைசியில் குயீன் இசைக்குழுவில் போய் நிற்கும். அவர்களுடைய மேடை நிகழ்ச்சிகளில் ஆகச் சிறந்தது எது என்பதுதான் வாக்குவாதம். 1985இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த லைவ் எய்ட் என்று ஒருவர் தொடங்குவார். அதில் பாடியது ஆறு பாட்டு மட்டுமே, 1986 புடாபெஸ்ட் நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்று இன்னொருவர் மறுப்பார். கிட்டார் பழகியவர்கள் 1981ஆம் ஆண்டின் மொன்றியல் நிகழ்ச்சியை விட்டுக்கொடுக்கமாட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், வாதாடுகிற எவருமே அந்த நிகழ்ச்சிகளில் ஒன்றைக்கூட நேரில் பார்த்தவர்கள் அல்லர். பாடகர் ஃப்ரெடி மேர்க்குரி உயிரோடு இருந்த காலத்தில் குயீன் இலங்கைக்கு வரவேயில்லை. அவர் பள்ளிக்கூடம் படித்த இந்தியாவுக்கும் வரவில்லை.

வராத இசைக்குழு வந்துசேர்ந்த வழிகள் பல. கட்டுகஸ்தோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எண்பதுகளில் கண்டி நகரக் கடையொன்றில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, கசெட்டில் பதிவுசெய்து வாங்கியவர். யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, கண்டியிலேயே தங்கிவிட்ட அண்ணா ஒருவர் அதே பாட்டுகளை வேறு விதமாகக் கேட்டவர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலம் அது. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் கசெட் ஓடும். சுற்றுகிறவரின் கை களைத்தால் ஃப்ரெடியின் குரலும் இழுபடும். இன்றைய இளைஞர்கள் பெரும்பாலும் 2018இல் வெளிவந்த பொஹீமியன் ராப்சடி திரைப்படத்தைப் பார்த்துவிட்டு யூடியூப்பில் தேடத் தொடங்கியவர்கள்.

சில மாதங்களாக இந்த ரசிகர்களோடு பேசி வருகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குயீன் இருக்கிறது. ஆசிரியருக்குக் குரல்தான் எல்லாம். கிட்டார் திருத்தும் வேலை செய்யும் நண்பருக்கு பிரையன் மே வாசித்த கிட்டார்தான் கடவுள். அதற்கு நியாயமும் இருக்கிறது. அந்தக் கிட்டார் கடையில் வாங்கியதல்ல. 1963இல் பதின்ம வயதுப் பையனாக இருந்த பிரையன் மே, தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கியது. கழுத்துப் பகுதிக்குப் பழைய வீடொன்றின் கணப்படுப்புச் சட்டத்தின் மரம். உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். நரம்பை மீட்டுவதற்கு ஆறு பென்ஸ் நாணயம். பேஸ் கிட்டார் வாசித்த ஜோன் டீக்கனோ, குப்பைத் தொட்டியில் கிடந்த மின்சுற்றுப் பலகையை எடுத்துச் சிறிய அம்ப்ளிஃபயர் ஒன்று செய்தார். குயீனின் பல பாடல்களில் கிட்டார், வயலின் கூட்டத்தைப் போல ஒலிப்பதற்கு அந்தச் சிறிய பெட்டியும் காரணம். சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்ட அண்ணாவுக்கு இந்தக் கதை தெரிந்தபோது, தன் வீட்டு ஆட்களைப் பற்றிக் கேட்டது போலச் சிரித்தார்.

ஆனால் இந்த உரையாடல்களில் ஒன்றைக் கவனித்தேன். பாட்டு, ஆண்டு, மைதானம், கூட்டத்தின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்களில் பலருக்கு, அந்தப் பாடகன் எங்கே பிறந்தான், ஏன் லண்டனுக்குப் போனான் என்பது தெரியாது. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கதையை அவரே சொல்லாமல்தான் வாழ்ந்தார்.

சான்சிபாரிலிருந்து பஞ்ச்கனிக்கு

அவருடைய இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. 1946 செப்டெம்பர் 5ஆம் திகதி கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில், ஸ்டோன் டவுன் என்ற பழைய நகரத்தில் பிறந்தார். அப்பா பொமி, அம்மா ஜெர். இருவரும் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிகள். பாரசீகத்திலிருந்து தங்கள் சொராஸ்டிரிய மதத்தைக் காப்பாற்றிக்கொண்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்த சமூகம் அது. புல்சாரா என்ற குடும்பப் பெயரே குஜராத்தின் புல்சார் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. தந்தை பிரித்தானிய நிர்வாகத்தின் கீழ் சான்சிபார் உயர் நீதிமன்றத்தில் காசாளராக இருந்தார். ஏற்கெனவே இரண்டு கடல் தாண்டிய குடும்பம்.

எட்டு வயதில் பையனைக் கப்பலில் ஏற்றி பம்பாய்க்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மகாராஷ்டிர மலைப்பகுதியிலுள்ள பஞ்ச்கனியில், சென் பீற்றர்ஸ் பள்ளியின் விடுதிக்கு. கண்டியைச் சுற்றிப் படித்தவர்களுக்கு அந்தச் சூழல் அந்நியமாக இராது. மலை, பனி, ஆங்கிலேயர் கால விடுதிப் பள்ளி, கிரிக்கெட், பியானோ வகுப்பு. அங்கேதான் நண்பர்கள் அவரை ஃப்ரெடி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். 1958இல் விடுதித் தோழர்களோடு சேர்ந்து ஹெக்டிக்ஸ் என்ற குழுவை ஆரம்பித்தார். வானொலியில் கேட்ட கிளிஃப் ரிச்சர்ட், லிற்றில் ரிச்சர்ட் பாடல்களை அப்படியே திருப்பி வாசிப்பார்கள். அதில் ஃப்ரெடி முன்னால் நின்று பாடவில்லை. பின்னால் இருந்து பியானோ வாசித்தார். மேல்வாயில் கூடுதலாக நான்கு பற்கள் முளைத்திருந்ததால் முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. அதற்காகக் கேலி செய்யப்பட்ட, கூச்ச சுபாவமுள்ள பையன். பிற்காலத்தில் கையில் காசு வந்த பிறகும் அந்தப் பற்களை எடுக்கவில்லை. எடுத்தால் குரல் மாறிவிடுமோ என்ற பயம்.

1963இல் சான்சிபாருக்குத் திரும்பினார். அந்த டிசம்பரில் தீவு பிரித்தானியரிடமிருந்து சுதந்திரம் பெற்றது. ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் நிம்மதியாகப் போனது. 1964 ஜனவரி 12ஆம் திகதி புரட்சி வெடித்தது. அரபு சுல்தானின் ஆட்சி ஒரே நாளில் கவிழ்ந்தது. அதைத் தொடர்ந்த நாட்களில் அரேபியரும் தெற்காசியரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. இதற்கு ஒரு பின்னணி இருந்தது. தலைமுறைகளாக நிலமும் அதிகாரமும் அரபு மேட்டுக்குடியின் கையில். வணிகத்திலும் அரச அலுவலகங்களிலும் இந்திய வம்சாவளியினர். அடிமை வணிகத்தின் நினைவோடு அடியில் கிடந்தவர்கள் ஆபிரிக்கப் பெரும்பான்மையினர். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தெருவில் கொல்லப்பட்டவர்களுக்கோ, அவர்கள் எந்தச் சமூகத்தில் பிறந்தார்கள் என்பது மட்டுமே காரணமாக இருந்தது. இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கண்டி நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

புல்சாரா குடும்பம் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனது. ஃப்ரெடிக்கு அப்போது 17 வயது.

அதே 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது, மிச்சமிருக்கும் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று இரண்டு பிரதமர்கள் ஆட்களைப் பங்குபோட்டார்கள். என் அம்மம்மாவின் தங்கை குடும்பம் அப்படிப் பங்குபோடப்பட்ட கணக்கில் தலைமன்னார் வழியாகக் கப்பல் ஏறியது. பிறந்த மண்ணில் அந்நியராக்கப்பட்டு, பார்த்திராத மண்ணுக்குத் தாயகம் திரும்புகிறவர்களாக அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். ஃப்ரெடியின் வாழ்க்கையை வாசிக்கும்போது 1964 என்ற ஆண்டைத் தாண்டிச் செல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பெயர் மாறிய இடம்

லண்டனில் குடும்பம் ஃபெல்தம் என்ற புறநகரில், ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் கிட்டவாகச் சிறிய வீடொன்றில் தங்கியது. சான்சிபாரில் வேலைக்காரர்களை வைத்திருந்த குடும்பம், இங்கே வேலை தேடி அலைந்தது. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் லண்டனிலும் பாரிசிலும் செய்ததைத்தான் ஃப்ரெடியும் செய்தார். விடுமுறைகளில் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். மிச்ச நேரத்தில் படித்தார். ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்து 1969இல் டிப்ளோமா பெற்றார். பிறகு கென்சிங்டன் சந்தையில் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரோடு சேர்ந்து பழைய உடுப்பு விற்றார்.

ரோஜரும் பிரையனும் ஸ்மைல் என்ற குழுவை நடத்திக்கொண்டிருந்தார்கள். அதன் பாடகர் 1970இல் விலகியதும் ஃப்ரெடி உள்ளே வந்தார். குழுவுக்கு குயீன் என்று பெயர் வைத்தவரும், அதன் இலச்சினையை வரைந்தவரும் அவர்தான். அந்த நாட்களிலேயே புல்சாரா மேர்க்குரி ஆனார். 1971இல் ஜோன் டீக்கன் சேர்ந்த பிறகு நால்வரும் கடைசிவரை மாறவில்லை. முதல் இசைத்தட்டு 1973இல் வந்தது. 1975இல் பொஹீமியன் ராப்சடி வந்தது. கிட்டத்தட்ட ஆறு நிமிடப் பாட்டு. வானொலிகள் போடமாட்டா என்று இசைத்தட்டு நிறுவனம் தயங்கியது. அது பிரித்தானியாவில் 9 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

பெயர் மாற்றத்தைப் பற்றி ரசிகர்களிடம் இரண்டு கருத்து உண்டு. தன் தோலையும் ஊரையும் மறைத்துக்கொண்ட மனிதர் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வெள்ளைக்காரர்களின் ரொக் உலகத்தில் ஆசியப் பெயரோடு உள்ளே விட்டிருப்பார்களா என்று சிலர் திருப்பிக் கேட்கிறார்கள். அவருடைய பேட்டிகளில் சான்சிபார் அரிதாகவே வரும். புரட்சி வருவதேயில்லை என்று சொல்லிவிடலாம்.

நான் இதில் அவர் பக்கம் நிற்கிறேன். போர்க்காலத்தில் கண்டியில் அறை வாடகைக்கு எடுத்த யாழ்ப்பாணத்துப் பையன்கள், அடையாள அட்டையிலுள்ள பிறந்த இடத்தைக் காட்டத் தயங்கியதை நாம் அறிவோம். பஸ்ஸில் தமிழில் பேசாமல் வந்தவர்கள் உண்டு. முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்டு வந்தும், பிள்ளைகளிடம்கூட அதைப் பற்றி வாய் திறக்காத தாய்மார் உண்டு. ஓடி வந்தவர் தன் ஊரைச் சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் ஆகாது. சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதற்கு, ஊடகவியலாளர்கள் உட்பட, யாருக்கும் உரிமை கிடையாது.

கூட்டத்தைப் பாட வைத்தவர்

மேடையில் அவர் வேறு மனிதர். ஆரம்ப காலத்து நிகழ்ச்சி ஒன்றில் மைக் தண்டு நடுவில் கழன்று கையோடு வந்துவிட்டது. அதை மாற்றாமல் அப்படியே பாடி முடித்தார். பிறகு கடைசிவரை அந்த அரைத் தண்டுதான் அவருடைய அடையாளம். அது சில நேரம் கிட்டார் ஆகும், சில நேரம் செங்கோல் ஆகும்.

1977இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் நகரில் நிகழ்ச்சி முடிந்த பிறகும் கூட்டம் கலையாமல் நின்று, உதைபந்தாட்ட மைதானங்களில் பாடப்படும் பாட்டொன்றைத் தானாகவே பாடியது. பார்த்துக்கொண்டிருந்த பிரையன் மேயும் ஃப்ரெடியும், ரசிகர்கள் பாடுவதற்கென்றே பாட்டு எழுத வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நெருக்கமாக நிற்கும் கூட்டத்தால் செய்யக்கூடியது என்ன? காலால் இரண்டு தட்டு, கையால் ஒரு தட்டு. அப்படித்தான் வீ வில் ரொக் யூ வந்தது. எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும் இரவில், தப்பு அடிக்கு ஊரே கால் தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நுட்பம் உடனே புரியும். ஆட்டக்காரன் பாதி, பார்க்கிறவர் பாதி.

ஆசிரியருக்கும் இளைஞர்களுக்கும் இதில் ஒரு சண்டை உண்டு. பொஹீமியன் ராப்சடியின் நடுவிலுள்ள ஒபரா பகுதியை மேடையில் நால்வரால் பாட முடியாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்களுடைய குரல்கள் அடுக்கடுக்காகப் பதியப்பட்டவை. அதனால் அந்தப் பகுதி வந்ததும் மேடையை விட்டு இறங்கி, பதிவை ஓடவிட்டார்கள். அதை ஏமாற்று என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். வாயசைத்து நடிக்காமல் வெளிப்படையாக இறங்கிப் போனதே நேர்மை என்பது ஆசிரியரின் கட்சி. ஃப்ரெடி இல்லாமல் வேறு பாடகரோடு இன்று நடக்கும் குயீன் நிகழ்ச்சிகளைப் பற்றியும் இதே மாதிரி இரண்டு கட்சிகள் உண்டு.

எந்த மேடை?

1981இல் குயீன் தென்னமெரிக்காவுக்குப் போனது. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் ஒரே இரவில் 1,31,000 பேர் கூடினார்கள். ஆங்கிலம் தெரியாத கூட்டம் லவ் ஒஃப் மை லைஃப் என்ற மென்மையான பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாட, ஃப்ரெடி பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ரசிகர்கள் கொண்டாடும் காட்சி அது. நானும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதே பயணத்தில் அவர்கள் ஆர்ஜன்டீனாவிலும் பாடினார்கள். அப்போது அங்கே இராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தேடிய தாய்மார் 1977 முதல் புவனஸ் அயர்ஸ் நகரின் மே சதுக்கத்தில் வாரந்தோறும் நடந்துகொண்டிருந்தார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் வீதியோரம் உட்கார்ந்திருக்கும் நம் தாய்மாரின் மூத்த சகோதரிகள் என்று அவர்களைச் சொல்லலாம். குயீன் பாடிய மைதானம் நிரம்பி வழிந்தது. ஆர்ஜன்டீன ரசிகர்களில் பலர், அச்சம் நிறைந்த ஆண்டுகளில் கிடைத்த ஒரே மூச்சு அந்த இரவுதான் என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். நாட்டில் எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று காட்ட அந்தக் கூட்டம் ஆட்சியாளர்களுக்கும் பயன்பட்டது. இரண்டும் உண்மை.

1984 ஒக்டோபரில் நடந்ததற்கு இந்த இரண்டாவது பக்கமும் கிடையாது. தென்னாபிரிக்க நிறவெறி அரசு, கறுப்பின மக்களை அவர்களுடைய நாட்டிலேயே அந்நியராக்குவதற்காகச் சுதந்திர நாடுகள் என்று பெயரிட்டுத் தனிப் பிரதேசங்களை உருவாக்கியது. அவற்றை உலகில் வேறு எந்த நாடும் ஏற்கவில்லை. அப்படியொன்றான பொபுதட்ஸ்வானாவில் சன் சிட்டி என்ற ஆடம்பரக் களியாட்ட விடுதி இருந்தது. கலைஞர்கள் தென்னாபிரிக்காவுக்குப் போகக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை கேட்டிருந்தது. பிரித்தானிய இசைக் கலைஞர்கள் சங்கமும் தடை விதித்திருந்தது. குயீன் போனது. ஃப்ரெடியின் தொண்டை கெட்டுச் சில நிகழ்ச்சிகள் ரத்தாகின, மற்றவை நடந்தன. தாங்கள் அரசியல் பேசும் குழு அல்ல, ரசிகர்களுக்காகவே பாடுகிறோம் என்று விளக்கம் சொன்னார்கள். அங்கே காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு உதவியும் செய்தார்கள். சங்கம் அபராதம் விதித்தது. ஐக்கிய நாடுகள் சபையின் கண்டனப் பட்டியலில் அவர்களுடைய பெயர் ஏறியது.

கண்டி ரசிகர்களோடு பேசியபோது சன் சிட்டி என்ற பெயரைத் தானாக எடுத்தவர் யாரும் இல்லை. நான் எடுத்தபோது ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். இனத்தின் பெயரால் ஊரை விட்டு ஓடிய குடும்பத்தின் பிள்ளை, இனத்தின் பெயரால் மக்களை விரட்டிய ஆட்சி கட்டிய மேடையில் ஏறினார். பட்ட துன்பம் தானாகவே ஒருவரை நீதியுள்ளவர் ஆக்கிவிடுவதில்லை. போரின் வலியை உரிமையோடு பேசும் நமக்கும் இது பொருந்தும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

1985 ஜூலை 13

ஒன்பது மாதங்களுக்குப் பிறகு வந்தது லைவ் எய்ட். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்த நிகழ்ச்சி. குயீன் மங்கிவிட்டது என்று பேசப்பட்ட நேரம். கிடைத்த 20 நிமிடத்துக்காக அவர்கள் அரங்கமொன்றை எடுத்து மூன்று நாட்கள் ஒத்திகை பார்த்தார்கள். மற்றவர்கள் புதுப் பாட்டுகளை அறிமுகப்படுத்த, இவர்கள் கூட்டத்துக்குத் தெரிந்த பாட்டுகளை மட்டும் வெட்டிச் சேர்த்தார்கள். பகல் வெளிச்சத்தில், வண்ண விளக்குகளின் துணை இல்லாமல், வெள்ளைப் பனியனும் ஜீன்ஸுமாக ஃப்ரெடி ஓடி வந்தார். 21 நிமிடம். 72,000 பேர் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்லில்லாத ஒலியை எறிந்தார். மைதானம் அதை அப்படியே திருப்பி எறிந்தது. அந்த ஒலிக்கு மொழி தேவைப்படவில்லை. அதனால்தான் டைனமோ சுற்றிக் கேட்ட பையனுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அந்த நாளுக்கு நம் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அதே 1985 ஜூலை 13ஆம் திகதி பூட்டானின் திம்பு நகரில், இலங்கை அரசுடனான பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு நான்கு அடிப்படைக் கோட்பாடுகளை முன்வைத்தது. நான்காவது கோட்பாடு, இத்தீவைத் தாயகமாகக் கருதும் எல்லாத் தமிழரின் குடியுரிமை பற்றியது. 1964இல் பங்குபோடப்பட்ட மலையக மக்களையும் அது சேர்த்துக்கொண்டது. உலகத்தின் தொலைக்காட்சிப் பெட்டிகள் அன்று வெம்ப்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எத்தியோப்பியாவின் கதையும் எளிமையானதல்ல. அங்கே பஞ்சத்தோடு உள்நாட்டுப் போரும் இருந்தது. மக்களை வலுக்கட்டாயமாக இடம்பெயர்த்ததற்கு உதவிப் பொருட்களும் பயன்படுத்தப்படுவதாகக் கண்டித்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு, 1985 டிசம்பரில் அந்த நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டது. உதவி லொறிகளை எதிர்பார்த்து நின்ற வன்னி மக்களுக்கு, உணவும் போரும் எப்படிப் பின்னிக்கிடக்கும் என்பது தெரியும். அந்த 21 நிமிடத்தின் அழகை இது குறைக்கவில்லை. மைதானத்துக்கு வெளியே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

கடைசி ஆண்டுகள்

1986 ஜூலையில் புடாபெஸ்ட். ஹங்கேரி அப்போது கம்யூனிச ஆட்சியில் இருந்தது; மேற்கத்தேய ரொக் குழுவொன்று மைதானத்தில் பாடுவது அபூர்வம். ஃப்ரெடி அந்த ஊர் நாட்டுப்பாடல் ஒன்றை அவர்களுடைய மொழியிலேயே பாடினார். சொற்களைத் தன் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார். மறைக்கவில்லை, கையைப் பார்த்துப் பார்த்தே பாடினார். கூட்டம் அழுததும் பாடியதும் படத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் 9ஆம் திகதி இங்கிலாந்தின் நெப்வேர்த்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னால் பாடியதே நால்வரும் சேர்ந்து நடத்திய கடைசி இசை நிகழ்ச்சி.

மறுவருடம் அவருக்கு எய்ட்ஸ் இருப்பது உறுதியானது. திரைப்படத்தில் இது லைவ் எய்ட்டுக்கு முன்பே தெரிந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். ரசிகர்கள் அந்தப் படத்தின் மேல் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு இதுதான். நோய் முற்றிய நிலையிலும் சுவிற்சர்லாந்தின் மொன்ட்ரே நகரிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் நிற்க முடிந்தவரை நின்று பாடினார். பத்திரிகைகள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தன. ஆண்களை நேசித்தவர் என்பதையும் நோயையும் வைத்து அவை எழுதியவை, ஊடகவியல் வகுப்பில் எதைச் செய்யக் கூடாது என்பதற்கு உதாரணமாகக் காட்டத் தக்கவை. 1991 நவம்பர் 23ஆம் திகதி தன் நோயை அறிவித்தார். அடுத்த நாள் இறந்தார். வயது 45.

நம் நாட்டில் ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையில் இன்னும் இருக்கின்றன. என்னோடு பேசிய இளைஞர்களில் ஒருவருக்கு ஃப்ரெடியைப் பிடிப்பதற்கு இசையைத் தாண்டியும் காரணம் இருந்தது. அதை இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

இறுதிச் சடங்கைச் சொராஸ்டிரிய மதகுருமார் நடத்தினார்கள். மேர்க்குரி என்ற பெயரோடு வாழ்ந்தவரை, பெற்றோர் புல்சாராவாகவே வழியனுப்பினார்கள். சாம்பல் எங்கே இருக்கிறது என்பதைப் பொதுவெளியில் யாரும் சொல்லவில்லை. மொன்ட்ரேயின் ஏரிக்கரையில் 1996 முதல் கையை உயர்த்திய வெண்கலச் சிலை நிற்கிறது. சுவிஸில் தஞ்சம் புகுந்த நம் உறவினர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். படமெடுக்கிறவரைப் போலவே அவரும் ஓடி வந்தவர் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஸ்டோன் டவுனில் 2019இல் அவருக்கு ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அவர் பேசாத ஊர் அவரைப் பற்றிப் பேசுகிறது.

போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் பெரிய இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் வரலாமா, கூடாதா என்று நாம் பிரிந்து நிற்கிறோம். இத்தனை இழந்த மக்களுக்கு ஓர் இரவு சந்தோஷம் கூடாதா என்பது ஒரு பக்கம். யாருடைய பணத்தில், யாருடைய கொடியின் கீழ், எதை மறக்கச் சொல்லி என்பது மறுபக்கம். ஃப்ரெடியின் வாழ்க்கை இந்த விவாதத்தைத் தீர்த்துவைக்காது. ஆனால் சாவோ பாவ்லோ, புவனஸ் அயர்ஸ், சன் சிட்டி, வெம்ப்ளி என்று மேடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்விகள் துலக்கமாகின்றன. தன் ஊரைச் சொல்லாமல் இருப்பது பாடகனின் உரிமை. எந்த மேடையில் ஏறினார் என்ற கேள்வியிலிருந்து தப்பும் உரிமை அவருக்குக் கிடையாது.

அந்தக் குரலைக் கேட்பதை நான் நிறுத்தப்போவதில்லை. கண்டி நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை குயீனின் மேடைகளைப் பட்டியல் போடும்போது சன் சிட்டியையும் அதில் எழுதுங்கள். கடைசி இடத்தில் எழுதினாலும் பரவாயில்லை, விட்டுவிடாதீர்கள்.